ஏற்றத்தில் நிற்க வேண்டிய கார்

வாகன மாற்ற ஒப்புதல் வாரியத்துக்கு யாரும் தாமாகப் போவதில்லை. மாட்டிக்கொண்டவர்கள் போவார்கள். கண்ணாடிக்காரர் ஒருவர்தான் முகச்சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, நல்ல பிள்ளையாகத் தாமே போனார். அவருக்கு அங்கே நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு, மாட்டிக்கொள்ளும்வரை சும்மா இருப்பதே உத்தமம் என்று ஊரில் முடிவாகிவிட்டது.

கடைத்தெருவில் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. சட்டம் என்றால் மனிதருக்கு அப்படி ஒரு மரியாதை. நடுமதிய வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத போதும், சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் திட்டினால், காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவனைப் பார்த்து வருத்தமாகத் தலையசைப்பார்.

அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. யாரோ ஓட்டி, இன்னொருவர் ஓட்டி, அதன்பின் அவர் கைக்கு வந்தது. சமதளத்தில் சமர்த்தாகப் போகும். ஏற்றம் வந்தால் இருமும். அந்த ஊரின் பிரசவ ஆஸ்பத்திரியோ மேட்டின் உச்சியில் இருந்தது. நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டுமென்று அங்கே கட்டினார்களாம். போய்ச் சேரும்வரை நோயாளிக்கு மூச்சு இருக்க வேண்டுமே என்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகளுக்கு இடுப்பு வலி கண்டது. மருமகனுக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். ஆம்புலன்ஸ் வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. மகளையும் மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கண்ணாடிக்காரர் அந்தக் காரில்தான் கிளம்பினார். பாதி மேட்டில், மரக்கடை வாசலில், கார் இருமி, நடுங்கி, நின்றது. பின்பக்கமாக உருளவும் தொடங்கியது. மரக்கடை ஆட்கள் ஓடிவந்து, ஒருவன் சக்கரத்துக்கு மரத்துண்டு போட, மற்றவர்கள் மேலே தள்ளினார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே” என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கண்ணாடிக்காரர் அந்தச் சாலையையே விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

இப்போது மகள் மறுபடி உண்டாகியிருந்தாள்.

மனைவியின் தம்பி கார் மெக்கானிக். அவனைக் கூப்பிட்டு, “வேற கார் வாங்க வசதி இல்ல, மாப்ளே. இதையே மேடு ஏற வைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும் மாமா. இன்ஜினையே மாத்திடலாம்.”

பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு பெரிய காரின் இன்ஜினை எங்கிருந்தோ கொண்டுவந்தான். முன்பக்கம் கீறல் கூட இல்லை. இடம் போதாததால் தாங்கிகளை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்தான். ரேடியேட்டரை மாற்றினான். யாரும் சொல்லாமலே பிரேக்கையும் பெரிதாக மாற்றினான். முடிந்ததும் ஸ்டார்ட் செய்தபோது அந்தச் சின்னக் கார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவில் யார் அது என்று கேட்பது போல நின்றது.

“பேசாம ஓட்டுங்க மாமா. பானட்ட தொறந்து பாக்கறதுக்கு எவனுக்கு நேரம் இருக்கு?”

“தப்பு மாப்ளே. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். முறைப்படி ஒப்புதல் வாங்கிடலாம்.”

மச்சினன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். “ஆண்டவன் காப்பாத்தட்டும்” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

*

வாரியத்தின் முகப்பு எழுத்தர் ஒரு தடித்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தார். பேசுவதற்கான ஓட்டை தொப்புள் உயரத்தில் இருந்தது. எனவே அந்த அலுவலகத்தில் குனியாமல் எந்தக் குடிமகனும் பேசியதில்லை. கண்ணாடிக்காரரும் குனிந்தார்.

“வண்டி எங்க?”

“வாசல்ல நிக்குது சார்.”

“எப்படி வந்துச்சு?”

“ஓட்டிட்டு வந்தேன்.”

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒப்புதல் இல்லாத வண்டிய, ஒப்புதல் கேக்க, ஓட்டிட்டு வந்தீங்க.”

“வேற எப்படி சார் கொண்டுவர்றது?”

“அது உங்க பாடு. தூக்கிட்டு வாங்க, கட்டி இழுத்துட்டு வாங்க. பழைய இன்ஜினையும் கொண்டுவாங்க.”

மறுநாள் மச்சினனும் அவன் பட்டறை ஆட்களும் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். பழைய இன்ஜின் தள்ளுவண்டியில் பின்னால் வந்தது. எழுத்தர் வெளியே வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

“இது ஓடுமா?”

“சமதளத்துல ஓடும் சார்.”

“ஓடற இன்ஜின எதுக்குக் கழட்டினீங்க?”

“ஏற்றத்துல நின்னுடுச்சு சார்.”

“அப்ப ஓடாத இன்ஜின்.”

“இல்ல சார், ஓடும்...”

“ஓடும்னா மாத்தக் காரணம் இல்ல. ஓடாதுன்னா அது பழுது. பழுது பாக்கறது வேற அலுவலகம். யோசிச்சு ஒண்ணு சொல்லுங்க.”

கண்ணாடிக்காரர் யோசித்தார். தள்ளுவண்டிக்காரன் தன் வண்டியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டான். கடைசியில் மச்சினன் குறுக்கே புகுந்து, “பாதி ஓடும் சார்” என்றான். எழுத்தருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த அலுவலகத்தில் பாதி என்பதற்கு எப்போதும் இடம் இருந்தது. உள்ளே போங்கள் என்று கை காட்டினார்.

உள்ளே ஆய்வாளர் இருந்தார். பெரிய மீசை, சின்ன டார்ச். பானட்டைத் திறந்து வைத்தார்கள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கார் முன்னைவிட நீளமாகிவிட்டதா என்று நாடா வைத்து அளந்தார். டயரை ஒரு முறை உதைத்தார். ஹார்னை அடிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெல்டிங் எப்படி இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா என்றெல்லாம் கேட்பார் என்று மச்சினன் பதிலோடு காத்திருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

“வேற இன்ஜின் வெக்கலாம்” என்றார் ஆய்வாளர். “தாராளமா வெக்கலாம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியோட சக்தி முன்னவிடக் கூடக் கூடாது.”

“சார், சக்தி கூடணும்னுதானே மாத்தினது.”

“அது உங்க நோக்கம். விதிக்கு நோக்கம் கெடையாது. பழைய இன்ஜின் எந்த ஏற்றத்துல நின்னுச்சு?”

“ஆஸ்பத்திரி மேட்டுல.”

“புதுசும் அங்கதான் நிக்கணும். எடத்தக் காட்டுங்க, போகலாம்.”

வாரியத்தின் ஜீப்பில் அவரைக் கூட்டிப்போனார்கள். இரண்டு வருஷமாகக் கால் வைக்காத சாலையில், மரக்கடை வாசலில், கண்ணாடிக்காரர் இறங்கினார். மரத்தூள் வாசனை அப்படியே இருந்தது.

“சரியா எந்த எடம்?”

அவர் கையால் காட்டினார்.

“சக்கரத்த வெச்சு சொல்றீங்களா, பம்பர வெச்சு சொல்றீங்களா?”

“சார், அன்னிக்கு என் மக பின்னாடி துடிச்சுட்டு இருந்தா. நான் அத...”

“புரியுது, புரியுது. பம்பர்னே வெச்சுக்குவோம்.”

பெயின்டர் வந்து சாலையின் குறுக்கே வெள்ளைக்கோடு போட்டான். நடுவில் நின்றுகொண்டிருந்தவரிடம், “கொஞ்சம் தள்ளிக்குங்க, அண்ணே” என்றான். ஆய்வாளர் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, “நல்ல எடம்” என்றார். “நல்லாத் தெரியுது.”

*

சோதனை அன்று கண்ணாடிக்காரர் ஓட்ட, ஆய்வாளர் பக்கத்திலும் அலுவலர்கள் இருவர் பின்னாலும் உட்கார்ந்தார்கள். கார் அடிவாரத்தில் வேகம் பிடித்தது. பாதி மேட்டில் எந்தச் சலனமும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறியது. கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இன்ஜின் அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்கோடு அடியில் புகுந்து பின்னால் போயிற்று.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று ஆய்வாளர் அலறினார். “ஏறிடுச்சு!”

பின்னால் இருந்தவர்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உச்சுக்கொட்டினார்கள்.

“நல்ல மனுஷன் நீங்க. இப்படி ஆயிருக்க வேண்டாம்” என்றார் ஒருவர்.

தோற்றவர்கள் தலைவரைப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. தலைவரின் அறையில் குளிர் எலும்பைக் கடித்தது. அவர் கண்ணாடிக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, தாம் எழுந்து நின்றார். எதிரே ஒரு ஆள் இருந்தாலும் அவருக்குக் கூட்டம்தான்.

“இந்த வாரியம் ஏன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? பாதுகாப்பு. நாங்க ஒப்புதல் குடுத்த எந்த வண்டியும் இன்னிவரைக்கும் விபத்துல சிக்கினது கெடையாது. ஒண்ணு கூடக் கெடையாது. உலகத்துல எந்த நாட்டுலயும் இப்படி ஒரு சாதனை இல்ல.”

“எத்தன வண்டிக்கு சார் ஒப்புதல் குடுத்திருக்கீங்க?”

“இன்னும் ஒண்ணுக்கும் குடுக்கல” என்றார் தலைவர், பெருமை குறையாமல். “குடுத்தாத்தானே விபத்து நடக்கும். அவசரப்பட்டுக் குடுத்துட்டு அப்புறம் வருத்தப்படறது எங்க வழக்கமில்ல.”

கண்ணாடிக்காரர் மகளைப் பற்றிச் சொன்னார். முதல் குழந்தையைப் பற்றியும் சொன்னார். மனைவியிடம் கூட இவ்வளவு சொன்னதில்லை. தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார், ஜலதோஷம்.

“எனக்கும் மக இருக்கா. ஆனா விதியில மகளுக்கு எடம் இல்லையே, நான் என்ன செய்வேன்? நாங்க மனசாட்சி இல்லாதவங்க இல்ல. அதுக்காகத்தான் மறுசோதனைன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். அடுத்த தடவ நல்லபடியா நின்னு காட்டுங்க. எங்க ஆசீர்வாதம் உங்களுக்கு உண்டு.”

வீட்டில் மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே யோசனை சொன்னான். “கோடு வந்ததும் கிளட்ச்ச மிதிச்சு சாவிய ஆஃப் பண்ணுங்க. அவ்வளவுதான். எவனுக்குத் தெரியப்போகுது?”

“அது ஏமாத்து வேலை இல்லையா?”

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏமாத்துங்க” என்றார் மனைவி. “இந்தக் குடும்பத்துக்காக ஒரு தடவ ஏமாத்துங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மறுசோதனையில் அவர் அப்படியே செய்தார். கோட்டுக்கு நேரே பம்பர் வந்ததும் இன்ஜினை அணைத்தார். கார் நின்றது. மரக்கடை வாசல் அன்றைக்கு இருந்தது போலவே இடது ஜன்னலில் இருந்தது. மரக்கடை ஆட்களில் ஒருவன், தெரிந்த முகம், வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“நின்னுடுச்சு!” பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆய்வாளர் மட்டும் கையை உயர்த்தினார். “இருங்க. பழசு நின்ன பிறகு பின்னால உருண்டுச்சா?”

கண்ணாடிக்காரர் மரக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கேக்கறது காதுல விழலையா? உருண்டுச்சா இல்லையா?”

“உருண்டுச்சு.”

“அப்ப பிரேக்ல இருந்து கால எடுங்க.”

மகளின் அலறல் அவர் காதுக்குள் அப்படியே இருந்தது. வலதுகால் பிரேக்கில் ஆணி அடித்தது போல இருந்தது. அதை எடுக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. மீசைக்குக் கீழே ஆய்வாளர் சிரித்தார்.

“அருமை! பழைய வண்டியேதான். அச்சு அசல்!”

அந்த நிமிஷத்தில்தான் கண்ணாடிக்காரரிடம் ஏதோ ஒன்று அறுந்தது. அதுவரை அவர் அந்த ஆட்களை அசடுகள் என்றுதான் நினைத்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தம் கையைப் பார்த்தார். அது பக்கத்தில் இருந்த கழுத்தைப் பிடிக்க விரும்பியது. வாழ்நாளில் யாரையும் அவர் அவ்வளவு வெறுத்ததில்லை. ஆனால் பிரேக்கைத்தான் பிடித்தார்.

ஒப்புதல் கிடைத்தது. வாரியத்தின் முதல் ஒப்புதல். தலைவரே வந்து முன்கண்ணாடியில் ஒப்புதல் வில்லையை ஒட்டினார். போட்டோ எடுத்தார்கள். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் மட்டும் தலைவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

*

மகளுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். மனைவி அவளைத் தாங்கிப் பிடித்துப் பின்னால் ஏற்றினார். கார் பறந்தது. மேட்டில் பாதி ஏறியதும் கண்ணாடிக்காரர் பார்த்தார்: வெள்ளைக்கோட்டின் பக்கத்தில் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி. வில்லையைத் தூரத்திலேயே கண்டுகொண்ட ஆய்வாளர், கையைக் காட்டிக்கொண்டே நடுச்சாலைக்கு வந்தார்.

“வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் இந்தச் சோதனைச் சாவடியே போட்டிருக்கோம்.”

“சார், கழியத் தூக்குங்க. மகளுக்கு வலி.”

“எப்படித் தூக்கறது? இந்த வண்டி இதுக்கு மேல ஏறாதே.”

“ஏறும் சார்!”

“ஏறாதுன்னுதானே ஒப்புதல் குடுத்திருக்கோம். நீங்களே நின்னு காட்டினீங்களே.” அவர் ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார். “பயப்படாதம்மா. வாரியம் எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கு. இங்க நிக்கற வண்டியத் தள்ளிவிடறதுக்கு நாலு ஆள வேலைக்கு எடுத்திருக்கோம்.”

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்க அவங்க?”

“சாப்பிடப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க.”

பின்சீட்டிலிருந்து மகளின் கை நீண்டு வந்து அப்பாவின் தோளைப் பிடித்தது. நகம் சட்டையைத் தாண்டி இறங்கியது.

“அப்பா,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “மிதிங்க.”

அவர் மிதித்தார். ஆய்வாளர் கொட்டகைப் பக்கம் தாவினார். மூங்கில் கழி படாரென்று முறிந்து ஒரு துண்டு மரக்கடைக் கூரையில் போய் விழுந்தது. மரக்கடை ஆட்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். இதெல்லாம் மனைவி பிறகு சொன்னது. கண்ணாடிக்காரர் மேலே தெரிந்த ஆஸ்பத்திரி வாசலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்க அழுதது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க” என்றார். கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் ஆய்வாளரும் அலுவலர்கள் இருவரும் மூச்சு வாங்க நடந்தே வந்து சேர்ந்தார்கள். வாரியத்தின் ஜீப் மேட்டில் நின்றுவிட்டதாம்.

“சோதனையில நடிச்சிருக்கீங்க” என்றார் ஆய்வாளர். குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம். “எங்களையே ஏமாத்தியிருக்கீங்க. வாரியத்தோட ஒரே ஒரு ஒப்புதல், அதுவும் பொய்யா?”

கண்ணாடிக்காரர் எழுந்தார். குனியவில்லை.

“ஆமா சார். நடிச்சேன். உங்க முன்னாடி நின்னு என் மகள மறுபடி பின்னால உருட்டிக் காட்டினேன். நீங்க அருமைன்னு சொன்னீங்க.” கார்ச் சாவியை எடுத்து ஆய்வாளரின் சட்டைப் பையில் போட்டார். “எடுத்துட்டுப் போங்க. உள்ள கொழந்த தூங்குது. இனி ஒரு வார்த்த பேசினீங்கன்னா, மீசை இருக்காது.”

ஆய்வாளர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்.

காரைப் பறித்தார்கள். பெரிய இன்ஜினை வெளியே எடுத்து, ஆபத்தான பொருள் என்று வாரியத்தின் கிடங்கில் பூட்டினார்கள். கார் அவர்களுடைய முற்றத்தில் மழையில் நனைந்து, பிறகு ஏலத்தில் போயிற்று. தலைவர் ஆண்டுவிழாவில் பேசும்போது, “ஒரே ஒரு தடவ இளகினோம், அந்தப் பாடம் போதும்” என்றார். கைதட்டல் வெகுநேரம் நீடித்ததாகச் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்காரர் வேறொரு பழைய சின்னக் கார் பிடித்தார். இந்த முறை மச்சினனிடம் யோசனை கேட்கவில்லை. “முந்தினதவிடப் பெரிசாப் போடு, மாப்ளே” என்றார். வாரியத்துக்குப் போகவில்லை. இன்சூரன்ஸ்காரன் கையை விரித்தால் விரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பேத்திக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள். மகள் குழந்தையோடு பின்னால் இருந்தாள். வெள்ளைக்கோட்டில் ஆய்வாளர் கை காட்டி நிறுத்தினார். ஜன்னலில் குனிந்தவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

“நீங்களா! இது மாத்தின வண்டியா?”

“இல்ல சார். கம்பெனி இன்ஜின்” என்றார் கண்ணாடிக்காரர். கண் கூட இமைக்கவில்லை.

ஆய்வாளர் டயரை ஒரு உதை உதைத்தார். திருப்தியாகத் தலையாட்டிக் கழியைத் தூக்கினார். கார் ஒரு உறுமலோடு, கல் தெறிக்க, மேட்டைத் தின்றுகொண்டு ஏறியது. தள்ளுவதற்காக வேலைக்கு எடுத்த நால்வரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தீங்களாடா,” என்று ஆய்வாளர் அவர்களுக்குச் சுட்டிக் காட்டினார். “எதையும் மாத்தாம, கம்பெனியில குடுத்தபடியே வெச்சிருந்தா, வண்டி எப்படி ஏறுது!”